பக்கத்து மனையில் பெட்ரோல் பங்க் வருகிறதா? முதலில் டேப்பை எடுங்கள்!

காலையில் பால் பாக்கெட் வாங்க வாசலுக்கு வருகிறீர்கள். இத்தனை வருஷமாக மாடு மேய்ந்துகொண்டிருந்த மூலை மனையில் ஒரு ஜே.சி.பி. முள்செடியை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறது. "என்னப்பா வரப் போகுது இங்கே?" என்று கேட்டால், டிரைவர் சிரித்துக்கொண்டே, "பெட்ரோல் பங்க் சார்!" என்கிறார்.

அவ்வளவுதான். சாயந்திரத்துக்குள் தெரு இரண்டு கட்சியாகிவிடும். "குழந்தைங்க இருக்கிற இடத்துல பங்க்கா? எல்லாருக்கும் கேன்சர்தான்!" என்று ஒரு கட்சி. "பெட்ரோல் போட மூணு கிலோமீட்டர் போக வேண்டியிருக்கு. வந்தா நல்லதுதானே, மனை விலையும் ஏறும்" என்று இன்னொரு கட்சி. ராத்திரி நலச்சங்கக் கூட்டத்தில் ஒரே கூச்சல். மறுநாள் பேனர், மறியல், போலீஸ் ஜீப்... ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பங்க் ஜோராகத் திறந்திருக்கும். எதிரெதிர் வீட்டுக்காரர்கள் மட்டும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

எங்கே கோட்டை விடுகிறோம் தெரியுமா? எல்லோரும் சத்தம் போடுகிறோம். யாரும் அளந்து பார்ப்பதில்லை. பங்க் வரலாமா, கூடாதா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் சொல்வது ஒரு டேப்பும் ஒரு வரைபடமும்தான். அதை எப்படிப் பிடிப்பது என்று பார்ப்போம்.

உடம்புக்கு என்ன செய்யும்?

பெட்ரோல் என்பது ஒரே பொருள் அல்ல. பல ரசாயனங்கள் கலந்த கலவை. அதில் நாம் கவலைப்பட வேண்டியது பென்சீன். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சந்தேகமில்லாமல் தெரிந்த பொருட்களின் முதல் பிரிவில் இதை வைத்திருக்கிறது. நீண்டகாலம் அதிக அளவில் சுவாசித்தால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்படும். ரத்தம் உற்பத்தியாவது குறையும். சிலருக்கு ரத்தப் புற்றுநோய் வரை போகலாம்.

இப்போது விற்கும் பி.எஸ்.6 பெட்ரோலில் பென்சீன் 1 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. "ஒரு சதவிகிதம்தானே!" என்று நினைக்காதீர்கள். நம் நாட்டின் 2009-ஆம் ஆண்டு காற்றுத்தர அளவுகோலின்படி, ஒரு கன மீட்டர் காற்றில் பென்சீன் ஆண்டு சராசரியாக 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பங்கிட்டு, அதில் ஐந்து பங்கு! அத்தனை கண்டிப்பு.

பங்க்கில் ஆவி எப்போதெல்லாம் வெளியே வரும்? மூன்று நேரங்களில். ஒன்று, டேங்கர் லாரி வந்து பூமிக்கு அடியில் இருக்கிற டேங்கில் பெட்ரோலை இறக்கும்போது. உள்ளே திரவம் ஏற ஏற, அங்கே இருந்த ஆவி வெளியே தள்ளப்படும். இரண்டு, நம் ஸ்கூட்டரிலோ காரிலோ பெட்ரோல் பிடிக்கும்போது. மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. டேங்க்கோடு இணைத்து உயரமாக நிறுத்தியிருக்கும் ஆவிக்குழாய். டேங்க் 'மூச்சு விடுகிற' குழாய் இது. பங்க் மூடிக்கிடந்தாலும் இதன் வழியாகக் கொஞ்சம் ஆவி போகலாம். அமெரிக்காவில் இரண்டு பங்க்குகளின் ஆவிக்குழாய்களை நேரடியாக அளந்து பார்த்த ஓர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. வீட்டுக்கும் பங்க்குக்கும் இத்தனை தூரம் வேண்டும் என்று விதி போட்டபோது எவ்வளவு ஆவி வரும் என்று கணக்கிட்டிருந்தார்களோ, அதைப்போல் சுமார் பத்து மடங்கு வந்தது!

பயந்துவிடாதீர்கள். பங்க் பக்கத்தில் குடியிருந்தாலே வியாதி வந்துவிடும் என்பதும் சரியல்ல. ஆவி காற்றில் கலந்ததும் தூரம் போகப் போக வேகமாக நீர்த்துவிடும். ஐந்து நிமிஷம் நின்று பெட்ரோல் போட்டு வருகிறவருக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். நாள் முழுக்க குழாயைப் பிடித்து நிற்கிற பையனுக்குத்தான் அதிகம். அடுத்தபடியாக, ஆவிக்குழாய்க்குப் பக்கத்து ஜன்னலில் இரவும் பகலும் இருப்பவர்கள். அதிலும் குழந்தைகள் உடல் எடைக்கு ஏற்ப நம்மைவிட அதிகக் காற்றைச் சுவாசிக்கிறார்கள். ஆகவே தூரம்தான் இங்கே மருந்து!

ஒரு விஷயம் கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சிகரெட் புகையிலும் பென்சீன் உண்டு. ஹாலில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டே பங்க்குக்கு எதிராக மனு எழுதுகிற அப்பாக்கள், முதலில் அந்த சிகரெட்டை அணைக்க வேண்டும்.

50 மீட்டர், 30 மீட்டர் கணக்கு

ஒரு பொதுநல மனுவை விசாரித்த தேசிய பசுமைத் தீர்ப்பாயம், பங்க்குகளுக்கு விதிமுறை வகுக்கும்படி 2019-இல் உத்தரவிட்டது. அதன்படி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. புதிதாக வருகிற பங்க்குகளுக்கு அது சொல்வது இதுதான்:

பள்ளிக்கூடம், 10 படுக்கைக்குக் குறையாத ஆஸ்பத்திரி, உள்ளூர் சட்டப்படி குடியிருப்பு என்று வகைப்படுத்தப்பட்ட பகுதி - இவற்றிலிருந்து 50 மீட்டர் சுற்றளவுக்குள் பங்க் வரக் கூடாது. இடநெருக்கடியால் 50 மீட்டர் விட முடியவில்லை என்றால், பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு சொல்கிற கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும். அப்போதும் எக்காரணம் கொண்டும் 30 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. உயர் அழுத்த மின்கம்பி பங்க்குக்கு மேலே போகவும் கூடாது.

அதாவது மூன்று படி. 50-க்கு மேல் என்றால் தூரத்தைக் காட்டி எதிர்க்க முடியாது. 30-க்குக் கீழே என்றால் பங்க்குக்கு இடமில்லை. இரண்டுக்கும் நடுவில் என்றால், பேசுவதற்கு இடம் உண்டு.

எங்கிருந்து அளப்பது?

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். வீட்டுக்காரர், பங்க்கின் காம்பவுண்டு சுவரிலிருந்து அளந்து "பதினெட்டு மீட்டர்தான்!" என்பார். பங்க் போடுகிறவர் ரோட்டோர கேட்டிலிருந்து அளந்து "அறுபது மீட்டர் இருக்கே!" என்பார். இரண்டும் தப்பு.

டேங்கர் லாரி பெட்ரோல் இறக்குகிற வாய், வண்டிக்குப் பெட்ரோல் போடுகிற மெஷின், ஆவிக்குழாய் - இந்த மூன்றில் எது உங்களுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறதோ, அதிலிருந்து அளக்க வேண்டும். தெருவைச் சுற்றிக்கொண்டு போகிற தூரம் அல்ல, நேர்க்கோட்டுத் தூரம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ரோட்டிலிருந்து உள்ளே நீளமாகப் போகிற மனை. அதன் பின்பக்கம் ஒரு பள்ளிக்கூடம். வரைபடத்தில் ஆவிக்குழாயைப் பின்சுவரோரமாகப் போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து பள்ளிக்கூடம் 24 மீட்டர். கூடவே கூடாது! அதே குழாயையும், டேங்க்கையும், மெஷினையும் ரோட்டுப் பக்கம் தள்ளிப் போட்டால் 52 மீட்டர் வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மனையும் அதேதான், பங்க்கும் அதேதான். வரைபடத்தில் ஒரு கோடு நகர்ந்தது, அவ்வளவுதான். குழந்தைகளுக்கும் தூரம் கிடைத்தது, அவருக்கும் பிழைப்பு கிடைத்தது. மறியல் செய்து சாதிக்க முடியாததை ஒரு வரைபடம் சாதித்துவிடும்.

ஆனால் தூரம் மட்டுமே முழுக் கணக்கு அல்ல. எவ்வளவு விற்கிறது என்பதும் முக்கியம். கலிஃபோர்னியாவின் காற்றுவள வாரியம் 2005-இல் கொடுத்த ஆலோசனையில், சாதாரண பங்க்குக்கு 50 அடியும், வருஷத்துக்குச் சுமார் 1.36 கோடி லிட்டருக்கு மேல் விற்கிற பெரிய பங்க்குக்கு 300 அடியும் விடச் சொன்னது. ஆகவே மாதம் எத்தனை லிட்டர் விற்க உத்தேசம் என்று கேட்க மறக்காதீர்கள்.

உங்கள் தெரு 'குடியிருப்பு'தானா?

"இதென்ன கேள்வி? வரிசையா வீடுதானே இருக்கு!" என்பீர்கள். கண்ணுக்கு வீடு, காகிதத்தில் என்ன? உள்ளூர் சட்டப்படி வகைப்படுத்தப்பட்ட பகுதி என்று நெறிமுறை சொல்கிறது. பல வழக்குகள் சுற்றிச் சுற்றி வருவது இந்தச் சொற்களைத்தான். நீங்கள் இருபது வருஷமாகக் குடியிருக்கிற தெரு, திட்ட வரைபடத்தில் வணிகப் பகுதி என்று நிறம் தீட்டப்பட்டிருக்கலாம்.

சென்னைப் பெருநகர்ப் பகுதியென்றால் சி.எம்.டி.ஏ.-வின் இரண்டாவது முழுமைத் திட்டத்தில் உங்கள் சர்வே எண் எந்த வகையில் இருக்கிறது என்று பாருங்கள். மற்ற ஊர்களுக்கு நகர் ஊரமைப்பு அலுவலகம். நில உபயோக வகையை மாற்றக் கேட்டு யாராவது விண்ணப்பித்தால், ஆட்சேபணை கேட்டு பத்திரிகையில் விளம்பரம் வரும். பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். நாம் ராசிபலனைப் படித்துவிட்டுப் பேப்பரை மடித்துவிடுகிறோம்!

காகிதத்தில் உங்கள் தெரு குடியிருப்பு இல்லை என்று வந்தால் மனம் தளர வேண்டாம். பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்குமான தூரம் தனியாக நிற்கிறது. போக்குவரத்து, தீ ஆபத்து, கிணற்று நீர் பற்றிய ஆட்சேபணைகளும் இருக்கின்றன.

மனு யாருக்கு, எப்போது?

பங்க் திறக்க லைசென்ஸ் தருவது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அந்தப் பெட்ரோலியப் பாதுகாப்பு அமைப்பு. ஆனால் அதற்கு முன் உள்ளூர் அதிகாரியின் தடையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி. வேண்டும். போலீஸ் கமிஷனர் இருக்கிற நகரத்தில் கமிஷனர் தருவார். மற்ற இடங்களில் கலெக்டர். 2002-ஆம் ஆண்டு பெட்ரோலிய விதிகளின்படி, விண்ணப்பம் வந்த மூன்று மாதத்துக்குள் விசாரித்து, தருவதா மறுப்பதா என்று அவர் முடிவு செய்துவிட வேண்டும்.

அந்த மூன்று மாதம்தான் உங்களுக்குப் பொன்னான நேரம். வருவாய்த் துறை, தீயணைப்புத் துறை, போலீஸ், உள்ளாட்சி என்று பல துறைகளிடம் கருத்துக் கேட்பது வழக்கம். உங்கள் மனு அப்போது ஃபைலில் இருந்தால் விசாரிக்கிறவர் கண்ணில் படும். சான்று கொடுத்து, டேங்க் புதைத்து, கான்கிரீட் போட்ட பிறகு போனால், "இத்தனை நாள் எங்கே போனீங்க?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான்:

1. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்து, பங்க்கின் இட வரைபடத்தையும் என்.ஓ.சி. விண்ணப்பத்தின் நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அதற்காகக் காத்திருக்காமல் சுருக்கமான ஆட்சேபணை மனு ஒன்றை முதலிலேயே கொடுத்துவிடுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரிலும் தரலாம்.

2. வரைபடம் வந்ததும் தெருவிலிருந்து இரண்டு பேர் டேப்போடு போய் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பங்க்குக்கு ஆதரவான கட்சியிலிருந்து ஒருவர் கூட வரட்டும். அளவில் பிறகு சண்டை வராது!

3. "உயிருக்கு ஆபத்து, தடுத்து நிறுத்துங்கள்" என்று பொதுவாக எழுதாதீர்கள். "வரைபடத்தில் காட்டிய ஆவிக்குழாயிலிருந்து பள்ளியின் சுற்றுச்சுவர் இத்தனை மீட்டர், வகுப்பறை இத்தனை மீட்டர்" என்று எழுதுங்கள்.

4. கொடுத்த மனுவுக்கு ஒப்புகை வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்.

எதிரி இல்லை, எதிர்த் தரப்பு

பங்க் போட வருகிறவரை வில்லனாகப் பார்க்காதீர்கள். அப்பா விட்டுப்போன நிலத்தை அடமானம் வைத்து இதில் இறங்கியவராகக்கூட இருக்கலாம். அவருக்குத் தொழில் ஓட வேண்டும். நமக்குக் குழந்தைகள் ஆரோக்கியமாக இருக்க வேண்டும். 30 மீட்டரைத் தாண்டிய இடம் என்றால் உட்கார்ந்து பேசலாம். இவற்றைக் கேளுங்கள்:

ஆவிக்குழாயும் டேங்க்கும் வீடுகளுக்கும் பள்ளிக்கும் எதிர்ப்பக்கமாக அமைய வேண்டும். லாரியிலிருந்து இறக்கும்போது வருகிற ஆவியை லாரிக்கே திருப்பி அனுப்புகிற குழாயும், வண்டிக்குப் போடும்போது வருகிற ஆவியை டேங்க்குக்கே இழுத்துக்கொள்கிற சாதனமும் வேண்டும். பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் டேங்கர் லாரி வரக் கூடாது. வண்டிகள் மெயின் ரோடு வழியாகவே உள்ளே வந்து வெளியே போக வேண்டும், உங்கள் சந்தைக் குறுக்கு வழியாக்கக் கூடாது. ராத்திரி விளக்கு வெளிச்சம் படுக்கையறை ஜன்னலில் அடிக்காமல் கீழ்நோக்கி இருக்க வேண்டும். எண்ணெய் கலந்த கழிவுநீர் மழைநீர்க் கால்வாயில் போகக் கூடாது. டேங்க் கசிகிறதா என்று பார்க்கக் கண்காணிப்புக் கிணறு வைத்து, பரிசோதனை முடிவை நலச்சங்கத்துக்குத் தர வேண்டும்.

"சரி சார், செஞ்சுடலாம்" என்று வாயால் சொன்னால் போதாது. எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, சான்று தரும் அதிகாரியிடம் கொடுத்து, நிபந்தனையாகச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். இன்றைக்குச் சம்மதித்தவர் நாளைக்கு பங்க்கை வேறொருவருக்குக் கைமாற்றிவிடலாம். எழுத்து இருந்தால் அவரையும் கேட்கலாம்.

எங்கே விட்டுக்கொடுக்கக் கூடாது?

பள்ளிக்கு 28 மீட்டர்தான் வருகிறது. "ரெண்டு மீட்டர்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க. கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை தர்றேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நன்கொடை ஒரு நாள் கதை. அந்த வகுப்பறையில் குழந்தைகள் உட்காரப்போவது பல வருஷம்.

மனுவை மீறி என்.ஓ.சி. கொடுத்துவிட்டால், தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. பிரச்னை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தக்க காரணம் இருந்தால் மட்டும் மேலும் 60 நாள் தருவார்கள். வக்கீல் வைத்தும் நடத்தலாம், நேரில் நின்று நாமே பேசவும் செய்யலாம். அங்கேயும் உங்கள் கையில் இருக்க வேண்டியது அந்த அளவுக் குறிப்பும் ஒப்புகைச் சீட்டும்தான்.

பங்க் வந்துவிட்டதா?

அதோடு வேலை முடிந்துவிடவில்லை. டேங்கர் இறக்கும்போது அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி வையுங்கள். கிணற்றிலோ போர் தண்ணீரிலோ பெட்ரோல் வாடை வந்தால் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தாமல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதிக் கொடுங்கள். வாடை வரவில்லை என்பதாலேயே சுத்தம் என்று அர்த்தமில்லை, பரிசோதனை தேவை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தாழ்வான இடத்தில் தேங்கும். சம்ப்பிலோ சாக்கடையிலோ வாடை அடித்தால் தீக்குச்சி கிழிப்பதோ மோட்டார் சுவிட்சைப் போடுவதோ கூடாது. வெளியே வந்து தீயணைப்பு நிலையத்துக்கு 101-இல் சொல்லுங்கள்.

பெட்ரோல் போடும்போது எஞ்சினை அணையுங்கள். "இன்னும் கொஞ்சம்" என்று விளிம்பு வரை ரொப்பச் சொல்லாதீர்கள். வழிகிற ஒவ்வொரு சொட்டும் ஆவியாகப் போவது குழாயைப் பிடித்திருக்கிற அந்தப் பையனின் மூக்குக்குத்தான். அவனும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை. சோர்வு, அடிக்கடி காய்ச்சல், காரணமில்லாமல் ரத்தக்கட்டு என்று சொன்னால், டாக்டரிடம் பங்க் வேலையைப் பற்றியும் சொல்லச் சொல்லுங்கள். ஒரு சாதாரண ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையிலேயே பல விஷயம் தெரிந்துவிடும்.

அடுத்த நலச்சங்கக் கூட்டத்தில் யாராவது மேஜையைத் தட்டிப் பேச எழுந்தால், அவர் கையில் டேப்பின் ஒரு முனையைக் கொடுங்கள். மறுமுனையை எதிர்க் கட்சிக்காரர் பிடிக்கட்டும். அளந்து முடிப்பதற்குள் பாதிச் சண்டை தீர்ந்திருக்கும். மீதிப் பாதியை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது என்பதும் இப்போது உங்களுக்குத் தெரியும்!